பல் அளக்கும் கருவிக்குப் பரீட்சை வேண்டாமா?



பல்லுக்கு உறை போட முன்பெல்லாம் வாயில் பசையைத் திணித்து அச்சு எடுப்பார்கள். இப்பொழுது பல இடங்களில் ஒரு சிறு கோலை வாய்க்குள் விட்டு ஒளி பாய்ச்சி, பற்களின் உருவத்தைக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். ஸூரிச் சர்வகலாசாலையில் மோர்மன், பிராண்டெஸ்டினி என்ற இருவர் கண்ட செரெக் கருவி 1985-லேயே நோயாளிக்குப் பயன்பட்டது. இது சந்தோஷிக்கத்தக்கதே.

ஆனால், "இயந்திரமே சொல்லிவிட்டது, இனிக் கேள்வி என்ன?" என்கிறார்களே, இது சாஸ்திரத்தைக் காட்டி வைதிகன் சொல்லும் பதிலல்லவா?

விஞ்ஞானிகள் அப்படி விட்டுவிடவில்லை. துல்லியம் என்பதை இரண்டாகப் பிரித்தார்கள். சர்வதேசத் தர நிறுவனத்தின் 5725-ம் எண் விதி 1994-ல் இதை வகுத்தது. அளவு உண்மைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது ஒன்று. திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறதா என்பது மற்றொன்று. ஜவுளிக்கடைக்காரன் கஜக்கோல் ஓர் அங்குலம் குறைந்திருந்தால், நூறு தரம் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். நூறு தரமும் பொய்தான். ஆயிரம் வருஷமாகச் சொல்லிவருவதால் உண்மை என்பவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

ஸ்கேனரைப் பரீட்சிக்க, ஒரு மாதிரிப் பல்வரிசையை அதைவிட நுட்பமான கருவியால் முதலில் அளந்துகொள்ளுகிறார்கள். பிறகு ஸ்கேனரால் பல தரம் அளந்து, இரு உருவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி வித்தியாசம் பார்க்கிறார்கள். கணக்கு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இங்கும் ஒரு சங்கதி உண்டு. இரண்டும் கூடியவரை ஒட்டும்படி கணினியே நகர்த்திக்கொள்வதால், ஓரிடத்துப் பிழை எங்கும் பரவிச் சராசரியில் மறைந்துபோகும். ஆகவே கடைவாய்க்குக் கடைவாய் நேர்தூரத்தையும் தனியே அளக்கவேண்டும். கருவி சிறு சிறு படங்களை ஒட்டிக்கொண்டே போவதால், ஒவ்வோர் ஒட்டிலும் நேரும் பிசகு வரிசை முழுவதற்கும் சேர்ந்து பெருகும். மேலும் மேஜைமேல் இருக்கும் மாதிரிக்கு எச்சிலும் இல்லை, புரளும் நாக்கும் இல்லை.

பிசகினால் என்ன? உறையின் விளிம்பில் இடைவெளி 120 மைக்ரானுக்கு மேற்படக்கூடாது என்று 1971-ல் மக்லீன், வான் பிரான்ஹோபர் இருவரும் எழுதினார்கள். மேற்பட்டால் ஒட்டிய பசை கரையும், கிருமி புகும், உள்ளே பல் சொத்தையாகும். விற்றவனுக்கு வலிக்காது, பணம் கொடுத்தவனுக்குத்தான் வலிக்கும்.

ஆகவே தோழர்களே, "இருபது மைக்ரான்" என்று விளம்பரத்தில் கண்டால், ஒரு பல்லுக்கா, வரிசை முழுவதற்குமா? மேஜைமேலா, வாய்க்குள்ளா? அளந்தவர் யார், விற்பவரேயா? என்று கேளுங்கள். வாய்க்குள் விடும் கருவிகளைப் பரீட்சிப்பதற்கென்றே 2019-ல் 20896 என்ற விதி வந்துவிட்டது. அதன்படி பரீட்சித்ததா என்று வைத்தியரைக் கேட்பதற்கு நாம் ஏன் கூச்சப்படவேண்டும்?