நாணல் காத்த கரும்பு

தைப்பொங்கலன்று பொங்கற் பானைக்கு அருகே நாட்டப்பெறும் கரும்பையும், ஆற்றங்கரையில் எவரும் வேண்டாது வளர்ந்து கிடக்கும் நாணலையும் ஒருங்கே வைத்து நோக்குவார் மிகச் சிலர். ஒன்று தெய்வத்துக்குப் படைக்கப்படுவது. மற்றொன்று உழவன் களையென வெட்டி எறிவது. எனினும், இவையிரண்டும் புல்லினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுடைய தாவரங்கள். இன்று உலகிற் சீனி ஆலைகளுக்கெனப் பயிராகும் கரும்பு ஏறத்தாழ முழுவதும் நாணலின் மரபு கலந்ததே. இக்கலப்பு நிகழ்ந்தது எவ்வாறு? அது ஏன் வேண்டப்பட்டது?

சாறு மிகுந்து, கணு பருத்து, மெல்லுதற்கு எளிதாயிருக்கும் கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பது அறிஞர் துணிபு. அங்கிருந்து அது கடல் கடந்து பல நாடுகளையும் அடைந்தது. தமிழகத்துக்குக் கரும்பைக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் எனப் புறநானூறு கூறும். இத்தகைய பருங்கரும்பு இனிமையிற் சிறந்தது. ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் குளிருக்கும் எளிதில் இளைத்துவிடுவது.

கரும்பைப் பயிரிடுவோர் விதை விதைப்பதில்லை. தண்டைத் துண்டாக்கிக் கரணையாக நடுகின்றனர். கரணையிலிருந்து எழும் ஒவ்வொரு பயிரும் தாய்க் கரும்பின் மறுபதிப்பே. இதனால் நற்குணம் மாறாது நிலைக்கின்றது. ஆயின், ஒன்றைத் தாக்கும் நோய் யாவற்றையும் தாக்கும் என்னும் இடரும் உடன் நிலைக்கின்றது. 1880-களில் யாவாத் தீவின் தோட்டங்களில் நேர்ந்தது இதுவே. 'செரே' என்னும் நோய் பற்றிய கரும்புகள் நெடிது வளராமற் குறுகி, எலுமிச்சம்புல்லைப் போலத் தூறாயின.

அக்காலத்திற் கரும்பின் பூ முளைக்கக்கூடிய விதையைத் தருவதில்லை என்பதே பொது நம்பிக்கை. 1880-களின் இறுதியில் யாவாவிற் சொல்ற்வெடல் என்பாரும், பாபடோசிற் ஹரிசன், பொவெல் என்பாரும் அந்நம்பிக்கை தவறெனக் காட்டினர். தூசி போன்ற அச்சிறு விதைகள் முளைத்தன. விதையிற் பிறந்த ஒவ்வொரு நாற்றும் மற்றதனின்றும் வேறுபட்டிருந்தது. இனிமையோடு நோய் தாங்கும் ஆற்றலையும் ஒரே செடியிற் கூட்டுதற்கு வழி பிறந்தது. யாவா ஆராய்ச்சியாளர் பருங்கரும்பைக் காட்டுக் கரும்பின் வழித்தோன்றல்களுடன் கலந்தனர். பெற்ற கலப்பினத்தை மீண்டும் மீண்டும் பருங்கரும்புடன் சேர்த்து இனிமையை மீட்டனர். இவ்வாறு 1921-இல் உருவான பீ. ஓ. ஜே. 2878 என்னும் இனம் சில ஆண்டுகளுள் அத்தீவின் கரும்பு நிலங்களிற் பெரும்பகுதியைக் கைக்கொண்டது.

இந்தியாவின் இடர் வேறு வகையானது. வட இந்தியாவின் குளிரிற் பருங்கரும்பு தழைப்பதில்லை. அங்கு விளைந்த மெல்லிய கரும்போ விளைவிற் குறைந்தது. அங்கே கரும்பு நன்கு பூத்து விதை தருவதும் அரிது. கோயம்புத்தூரிற் கரும்பு தாராளமாகப் பூக்கும். ஆதலின் 1912-இல் அங்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சி. ஏ. பார்பர் அதற்குத் தலைமை தாங்கினார். அவருக்கு உதவியாய் இருந்து, பின்னர் அப்பணியை ஏற்றவர் டி. எஸ். வெங்கட்ராமன். 'வெள்ளை' என்னும் பருங்கரும்பின் பூவில் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்து அவர்கள் பெற்ற கோ 205 என்னும் இனம் 1918-இற் பயிருக்கு வழங்கப்பட்டது. களையென ஒதுக்கப்பட்ட புல் வடநாட்டு உழவனின் வயலிற் பயன் தந்தது. அந்நிலையத்தில் 1934-இற் பணியேற்ற ஜானகி அம்மாள், கரும்பின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்து இக்கலப்பின் இயல்பை விளக்க உதவினார். பருங்கரும்பின் உயிரணுவில் 80 நிறமூர்த்தங்கள் உள. இன்றைய கலப்பினங்களில் அவை நூற்றுக்கும் மேற்பட்டவை.

அந்நிலையத்திற் பிறந்த கோ 775 இலங்கையிலும் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. பின்னர் 1980-களில் உடவளவையிற் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்நாட்டு மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற இனங்கள் 'எஸ். எல்.' என்னும் குறியுடன் அங்கு உருவாக்கப்படுகின்றன.

நாணல் தந்தது நோயெதிர்ப்பு மட்டுமன்று; அது நாரையும் தந்தது. நூறு தொன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழப் பத்துத் தொன் சீனியும், முப்பது தொன் ஈரச் சக்கையும், நான்கு தொன் கழிவுப்பாகும் கிடைக்கின்றன. சக்கையை எரித்து ஆலைகள் தமக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெறுகின்றன. கரூருக்கு அருகிலுள்ள புகளூரில் 1984 முதல் சக்கையிலிருந்து காகிதம் செய்யப்படுகின்றது. கழிவுப்பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படுகின்றது. பிறேசில் நாடு 1975-இற் றொடங்கிய திட்டத்தினாற் கரும்புச் சாற்றையே மோட்டார் வண்டிகளுக்கு எரிபொருளாக்கிற்று. முன்பு குறையெனக் கருதப்பட்ட நாரை இன்று எரிபொருளுக்கென வேண்டி, நாணலின் கூறு மிகுந்த கரும்புகளையும் ஆராய்ச்சியாளர் உருவாக்குகின்றனர்.

இத்துணை அறிவு பெற்ற பின்னரும் பழைய இடர் ஒழிந்துவிடவில்லை. 2009-இல் வழங்கப்பட்ட கோ 0238 என்னும் இனம் வட இந்திய உழவர்க்குப் பெருவிளைவையும் ஆலைகளுக்கு மிகுந்த சீனியையும் தந்தது. நல்லதெனக் கண்ட அதனையே யாவரும் நாடினர். சில ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தின் மிகப் பெரும்பகுதி அவ்வோர் இனத்தின் வசமாயிற்று. பின்னர்ச் செவ்வழுகல் நோய் அதனைப் பற்றிற்று. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, புளித்த நாற்றம் வீசும் அந்நோயினால் உழவர் பலர் நட்டமுற்றனர். நோயுற்ற கரும்பினின்றும் வெட்டிய கரணை நோயையும் உடன்கொண்டே அடுத்த வயலுக்குச் செல்லும். இனத்தை மாற்றுவதன்றி உழவனுக்கு வேறு நல்வழி இல்லை. ஆனால், ஒரு புதிய இனத்தை விதையிலிருந்து வளர்த்து, ஆயிரக்கணக்கான நாற்றுக்களுள் தேர்ந்து, பல இடங்களிற் சோதித்து வழங்கப் பத்து ஆண்டுகளுக்கு மேற் செல்லும்.

ஆகவேதான் கேரளத்தின் கண்ணூரில், கோயம்புத்தூர் நிலையத்தின் கிளையாக, உலகின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய கரும்புகளும் காட்டினங்களும் பேணப்படுகின்றன. அவற்றுட் பல சீனி தருவனவல்ல, சந்தையில் விலைபோவனவுமல்ல. வருங்காலத்தில் எந்நோய் எழும், அதனைத் தாங்கும் ஆற்றல் எந்தத் தூற்றில் மறைந்துள்ளது என்பதை எவரும் முன்னறிய இயலாது. 2024-இற் பயிர்க் கரும்பொன்றின் மரபுத் தொகுதி வாசித்தறியப்பட்டது. அவ்வாசிப்பு தேடுதலை விரைவாக்கும். ஆனால், தேடுதற்குரிய செடி அழிந்துபோயின் அதனாற் பயன் சிறிதே. ஆற்றங்கரைகளைத் திருத்தும்போதும் புதர்களைக் களையும்போதும் அழிவது வெறும் புல் என்று எண்ணுதல் தகாது. பொங்கலுக்கு வாங்கும் கரும்பின் இனிமை நியூகினி தந்ததாகலாம். ஆலைக் கரும்பு இன்னும் அழியாது வயலில் நிற்பதற்கு அந்த நாணலுக்கே உழவர் கடமைப்பட்டுள்ளனர்.