வலி சொல்லாத இதயம்

ஊருக்குப் பயன்படுகிற ஒரு மருத்துவச் செய்தியைப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டார்கள். மாற்று இதயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கும் காரியம் மரக்காணத்து உப்பளத்துக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இங்கிருந்து சென்னை போகும் வழிக்கு அருகே, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் எடுத்த முடிவுதான் தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தை மக்கள் காரியமாக்கியது. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் கொடுத்தார்கள். சென்னைத் தெருக்களில் போலீசார் வழிவிடச் செய்ய, அவன் இதயம் 11 நிமிடங்களில் முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் கே.எம். செரியனின் மருத்துவமனையில் ஒரு சிறுமிக்கு அதைப் பொருத்தினார்கள். அதன் நினைவாக செப்டம்பர் 23 இன்று நம் மாநிலத்தின் உறுப்பு தான நாள். 2023 முதல் தானம் தந்தவரின் உடலுக்கு அரசு மரியாதையும் உண்டு.

அந்த 11 நிமிடங்களை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். நான் பேச வந்தது அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி.

1968 ஜனவரி 2 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அறுவை மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட் தம் இரண்டாவது இதய மாற்று அறுவையைச் செய்தார். பெற்றவர் பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவர். கொடுத்தவர் 24 வயது இளைஞர். ஒரு மாதத்துக்கு முன் மாற்று இதயம் பெற்ற முதல் நோயாளி 18 நாளில் நிமோனியாவால் இறந்திருந்தார். பிளைபெர்க்கோ வீடு திரும்பினார், கடலில் இறங்கினார், ஒன்றரை ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1969 ஆகஸ்டில் அவர் இறந்தபின் அந்த இதயத்தைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். இளைஞனின் இதயத்தில் தமனிகள் முதியவருக்கு இருப்பதுபோலத் தடித்து அடைந்து கிடந்தன.

நம் உடலின் காவல் அணுக்கள் மாற்று இதயத்தை அயலாகவே பார்க்கின்றன. மருந்து அவற்றை அடக்கி வைக்கிறது, முழுக்க அடக்குவதில்லை. தமனியின் உட்சுவரை அவை சிறுகச் சிறுகப் புண்படுத்த, புண் ஆறும் முயற்சியில் சுவர் உட்பக்கமாகத் தடிக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, சைட்டோமெகலோ வைரஸ் எல்லாம் அதை விரைவுபடுத்தும். உலகப் பதிவேட்டின்படி, இதயம் மாற்றி 5 ஆண்டுக்குள் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கும், 10 ஆண்டுக்குள் பாதிப் பேருக்கும் இந்தத் தமனி நோய் தெரியவருகிறது.

மற்றவர்களுக்கு இதயத் தமனி அடைத்தால் நெஞ்சு வலிக்கும். மாற்று இதயத்தையோ நரம்புகளை வெட்டித்தான் எடுக்கிறார்கள். ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு ஓரளவு நரம்பு வளர்ந்தாலும், பெரும்பாலோருக்கு வலி வராது. ஒருநாள் மூச்சு வாங்கும், கால் வீங்கும். சிலருக்குத் திடீர் மரணமே முதல் அறிகுறி. ஆகவே, “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே டாக்டர்” என்று நோயாளி சொல்வதை நம்பி நாம் சும்மா இருக்க முடியாது. நாமாகப் போய்ப் பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? மணிக்கட்டு அல்லது தொடை வழியே குழாய் செலுத்தும் ஆஞ்சியோகிராம்தான் நெடுநாள் வழக்கம். அது காட்டுவது இரத்தம் ஓடும் உள்வெளியை மட்டும். உப்பளத்து வாய்க்கால் தலை முதல் கடை வரை ஒரே சீராகத் தூர்ந்துபோனால், மேலிருந்து பார்ப்பவருக்கு அடைப்பு எங்கே என்று தெரியாது. வாய்க்காலே குறுகலானது என்று நினைப்பார். இந்த நோயும் அப்படிச் சீராகத்தான் பரவுகிறது. அதனால் முதல் ஆண்டில் தமனிக்குள் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவியை அனுப்பிச் சுவரின் தடிப்பை அளக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே அரை மில்லிமீட்டர் கூடினால் எச்சரிக்கை. முதல் ஆண்டுச் சோதனையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின் ஆண்டுதோறும் குழாய் செலுத்த வேண்டுமா என்பதுதான் கேள்வி. டோபுடமின் மருந்தால் இதயத் துடிப்பைக் கூட்டிச் செய்யும் எக்கோ மலிவானது, கதிர்வீச்சு இல்லாதது. ஆனால் ஆரம்ப நிலை நோயைத் தவறவிடும். எம்.ஆர்.ஐ.யும் உதவும். சி.டி. ஆஞ்சியோகிராம் தமனிச் சுவரையே காட்டும்; பெரிய தமனியில் அடைப்பு இல்லை என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். சங்கடம் இரண்டு. நரம்பறுந்த இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிப்பதால் படம் கலங்கும். இன்னொன்று, இரத்தக் குழாயில் ஏற்றும் அயோடின் சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை. காவல் அணுக்களை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது பெட் ஸ்கேன். இதயத் தசையின் ஒவ்வொரு கிராமுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் போகிறது, மருந்து கொடுத்தால் அது எத்தனை மடங்கு கூடுகிறது என்று எண்ணிலேயே சொல்லும். சீரான அடைப்பும், படத்தில் சிக்காத நுண்குழாய் நோயும் அதில் அகப்படும். புற்றுநோய்க்கான பெட் மருந்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய 110 நிமிடம் ஆகும். சாலை வழியே வெளியூருக்குக் கொண்டுபோகலாம். இதயத்துக்கான அமோனியா மருந்துக்கு 10 நிமிடம்தான். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே வேண்டும். அதனால்தான் பெட் இயந்திரம் இருக்கும் ஊரிலெல்லாம் இந்தச் சோதனை கிடைப்பதில்லை.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்து, வெப்பச் சுமையோடு சிறுநீரகத் தளர்ச்சியும் சேர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். பாத்தியில் நிழல் கிடையாது. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அப்படி உழைத்த ஒருவருக்கு நாளை மாற்று இதயம் கிடைத்தால், உடலைக் கிழிக்காத சோதனை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சி.டி. எழுதிவிடக் கூடாது. முதலில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். அது கூடியிருந்தால் பெட்டுக்கு அனுப்புங்கள்; முடியாதபோது டோபுடமின் எக்கோ செய்து, ஐயம் எழுந்தால் மேலே போகலாம். நடுவெயிலில் உப்பு வார மறுபடி இறங்க வேண்டாம் என்றே அவரிடம் சொல்வேன்.

ஆண்டுச் சோதனையை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வையுங்கள் என்றும் சொல்வேன். அப்போது உப்பளத்தில் வேலை இருக்காது. துணைக்கு வரும் மனைவிக்கோ மகனுக்கோ கூலி போகாது. கோடையில் வற்றிய உடம்பில் சாயம் ஏற்றும் ஆபத்தும் குறையும். கூலி போகும் என்ற பயத்தில் ஓர் ஆண்டைத் தள்ளிப்போட்டால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினைக் கூட்டியோ, காவல் அணுக்களை அடக்கும் மருந்தை எவரோலிமஸுக்கு மாற்றியோ நோயை மெதுவாக்கும் வாய்ப்பு கைநழுவும்.

நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சென்னைக்கு எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியதில்லை. இரத்தத்தில் மருந்தளவு பார்ப்பதும் டோபுடமின் எக்கோவும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடக்கும்படி செய்யலாம். புதுச்சேரி ஜிப்மர் இன்னும் பக்கம். அறுவைச் செலவுக்குக் கொடுக்கும் அதே உறுதியை ஆண்டுச் சோதனைக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் அரசு கொடுக்க வேண்டும். யாருக்கு எந்தச் சோதனை, எந்த மாதம் என்று எழுதிய ஒரு கைப்பதிவேட்டை ஒவ்வொரு மாற்று இதயக்காரரிடமும் கொடுத்து, அதன் நகல் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கச் செய்ய வேண்டும். மாதம் தவறினால் வீட்டுக்குப் போய்க் கேட்க அங்கே செவிலியர் இருக்கிறார்.