கம்ப்யூட்டர் தின்ற கரண்ட் எவ்வளவு?

(நம் சங்கத்தின் 2023 பொங்கல் கூட்டத்தில் பேசியது)



முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்கு எழுதியவன், வீட்டுக் கணக்கில் சறுக்கிய கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம்.

நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு எங்கள் வீட்டு கரண்ட் பில் 610 யூனிட். முந்தைய பில் 440. கூடியது 170. நவம்பரில்தான் மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் வாங்கிய ரசீதை எடுத்துப் பார்த்தேன். 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்று இருந்தது. தினம் 9 மணி நேரம், 44 வேலை நாள். பெருக்கினால் 178 யூனிட். கணக்கு பொருந்திவிட்டது!

"எல்லாம் உன் கம்ப்யூட்டர்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "பில்லில் பாதியை நான் கட்டிவிடுகிறேன் மாமா. ஆனால் ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாமா?" என்றாள்.

அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறதே, அது போதும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஃபிரிட்ஜ், ஃபேன், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் மட்டும் வேலை செய்யச் சொன்னோம். 10 நிமிடத்தில் 64 சிமிட்டல். அதாவது மணிக்கு 384. அதை 3200-ஆல் வகுத்தால் 0.12 யூனிட். மானிட்டர், மோடம், யு.பி.எஸ். எல்லாம் சேர்ந்தே 120 வாட்தான்! 450 என்பது அந்தப் பெட்டி அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு. எப்போதும் இழுக்கிற அளவு அல்ல.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்குகளை அப்படியே விட்டு எண்ணினோம். அரை மணியில் 32 சிமிட்டல். யு.பி.எஸ்.ஸும் மோடமும் சும்மா இருந்தே 20 வாட் இழுக்கின்றன.

இரண்டு மாதத்துக்கு வேலை நேரம் 396 மணி, சுமார் 47 யூனிட். மீதி 1044 மணியும் சும்மா கிடந்ததற்கு 21 யூனிட். மொத்தம் 68.

அப்படியானால் மீதி நூறு? மழைக் குளிருக்கு நவம்பரில் நான்தான் கீசரைப் போட ஆரம்பித்து வைத்தேன். அதையும் இதே மாதிரி எண்ணினோம். நாலு பேர் குளியலுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல்!

பி.காம். படித்தபோது ஈடுசெய் பிழை என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பிழை இன்னொன்றை மறைத்துவிடும், இருப்பாய்வும் சரியாக வந்துவிடும். என் 178 அப்படித்தான் வந்தது. மருமகளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது இரவில் எல்லா பிளக்குக்கும் ஒரே சுவிட்ச், நிறுத்திவிட்டுத்தான் தூக்கம். இருபது யூனிட் அற்பம் என்று நினைக்காதீர்கள். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது. 501 ஆகிவிட்டால் அதே நூறுக்கும் 4.50 ஆனது. அந்த ஒரு யூனிட்டால் மட்டும் 225 ரூபாய் கூடியது.

ஆகவே, பில் எகிறினால் யாரையும் குற்றம் சொல்லுமுன் மீட்டர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள்.