சரிகை சொல்லும் அறிவியல்

(காஞ்சிபுரத்தில் நெசவாளரிடையே ஆற்றிய உரை)



பட்டோடு சரிகை கோக்கும் உங்கள்முன் மாழையியல் பேச வந்திருக்கின்றேன். ‘உலோகம்’ என்னும் வடசொல்லுக்கு நேரான பழந்தமிழ்ச் சொல் மாழை. அயன்மொழியிற் கற்றால்தான் அறிவியலாகுமோ எனின், அன்று. அவ்வறிவியல் உங்கள் விரல்நுனியிலேயே இருக்கின்றது.

மெய்ச்சரிகை என்பது யாது? பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளியிழையைச் சுற்றி, அதன்மேல் பொற்பூச்சு ஏற்றியது. இன்று வெள்ளியொடு செம்பும் சேர்கின்றது. வெள்ளியை அடித்தால் உடையாது, தகடாகும்; இழுத்தால் அறாது, கம்பியாகும். ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளக் கம்பியாக இழுக்கலாம். மாழையினுள் வெப்பமும் மின்னும் எளிதிற் பாயும். அதனாலன்றோ வெள்ளியிழைமேல் மின்வழியே பொன்னைப் படியவைக்கின்றனர்! மாழையைத் தட்டினால் ஒலிக்கும். கோயிலின் வெண்கல மணியே சான்று.

மாழையல்லாதவற்றின் பொதுவியல்பு இதற்கு மாறானது. கந்தகக் கட்டியை அடியுங்கள், தூளாகும். அதில் மாழைப் பளபளப்பு இல்லை, மின்னும் பாயாது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மாழைப்போலி. சிலிக்கன் மாழைபோல் பளபளக்கும். ஆயின் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். சூடேற்றினால் மாழையின் மின்கடத்தல் குறையும்; சிலிக்கனுக்கோ மிகும். இன்று புடைவைக்குக் கோலம் வரையும் கணிப்பொறியின் உள்ளம் இச்சிலிக்கனே.

ஆயினும் ஓர் இயல்பை மட்டும் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். பாதரசம் எனப்படும் இதள் மாழையே; ஆனால் நீர்மம். வயிரம் மாழையன்று, ஆனால் மிகக் கடியது. வெள்ளியை நுண்கம்பியாக இழுக்கும் அச்சுத்துளையே வயிரத்தால் ஆவதுண்டு. கரிக்கோலின் உள்ளீடு மாழையன்று. ஆனால் மின் கடத்தும். ஆகலின் பல இயல்புகளையும் சேர்த்து நோக்கியே துணிதல் வேண்டும்.

இது வெறும் பள்ளிப்பாடமன்று, உங்கள் வயிற்றுப்பாடு! நெகிழிப் படலத்தின்மேல் அலுமினியம் பூசிய போலிச் சரிகையும் பளபளக்கின்றது. கண் ஏமாறும், நிறை ஏமாறாது. வெள்ளி நீரினும் 10.5 மடங்கு அடர்ந்தது, அலுமினியமோ 2.7 மடங்கே. ஓரிழையைத் தீயிலிட்டுப் பாருங்கள். நெகிழி உருகி உருண்டையாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றத்தோடு கருகி உதிரும். வெள்ளி எஞ்சி நிற்கும். பழம்புடைவையை எரித்து வெள்ளியெடுக்கும் வணிகர் அறிந்த உண்மை இதுவே. ஆனால் செம்பு மிகுந்த சரிகையை இவ்வழிகள் காட்டிக்கொடா, செம்பும் நீரினும் ஏறத்தாழ 9 மடங்கு அடர்ந்தது, தீயிலும் எஞ்சுவது. அதனை ஆய்வகத்தில் ஊடுகதிர் கொண்டு அளந்தறியலாம். நெசவாளர்க்கு மெய்ச்சரிகை கிடைத்தற்பொருட்டே 1971-இல் இந்நகரில் தமிழ்நாடு சரிகை நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொட்டி, மகளின் மணத்திற்கென ஓர் எளிய குடும்பம் வாங்கும் புடைவை அது. அதிற் போலி புகுந்தால் இழப்பு அவர்க்கு மட்டுமன்று; இரவும் பகலும் தறியில் உழைத்த உங்கள் பெயரும் காஞ்சியின் பெயரும் உடன் அழியும். ஆகவே சரிகையை ஆய்ந்து வாங்குங்கள். இவ்வறிவை உங்கள் மக்களுக்குத் தறியடியிலேயே, தாய்மொழியிலேயே சொல்லிக் கொடுங்கள். விளங்கிய மொழியிற் கற்ற அறிவே வேண்டும்போது கைகொடுக்கும்.

வாழ்க நெசவு! வெல்க தமிழ்!