வரப்பில் குடியிருக்கும் பெருச்சாளி



"வயல்ல தண்ணி கட்டியாச்சு, இனி எலி வராது" என்று சிலர் சொல்வதுண்டு. பெருச்சாளியிடம் இது பலிக்காது. அதன் பாதத்தில் தவளைக்கு இருப்பது போன்ற சவ்வு இல்லை. ஆனாலும் நன்றாக நீந்தும்.

முதலியார்பேட்டைச் சாக்கடை ஓரங்களில் ஓடுகிறதே, அது பெரிய ஜாதி. வால் நீங்கலாக ஒரு அடி நீளம், எடை 1 கிலோ வரை. மிரட்டினால் மயிரைச் சிலிர்த்து உறுமும். தெலுங்கில் 'பந்திகொக்கு', அதாவது பன்றியெலி என்பார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் பேண்டிகூட் என்ற பெயர் அதிலிருந்து போனதுதான்.

பாகூர்ப் பக்கத்து நெல் வயலில் நமக்கு அதிக நஷ்டம் செய்வது இதன் தம்பியான சின்னப் பெருச்சாளி. எடை கால் கிலோ சொச்சம்தான். படுக்க உலர்ந்த இடம், பக்கத்தில் தண்ணீர், எதிரிலேயே தீனி: மூன்றும் சேர்ந்த இடம் வரப்பு. உயர்ந்து அகன்ற வரப்பு அதற்கு மாடி வீடு! அகலம் ஒரு முழம், உயரம் ஒரு அடிக்கு மேல் வேண்டாம்.

தூரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சாய்வாக வெட்டியிருந்தால் அது எலி வேலை. நண்டு அடியோடு வெட்டும். இது தெரியாமல் நண்டுக்கு மருந்து போட்டுக் காசைக் கரைப்பவர்கள் உண்டு.

பயிர் பொதி கட்டும் சமயத்தில்தான் பெருச்சாளியும் இனம் பெருக்கும். சினைக்காலம் மூன்று வாரம் போல. ஒரு ஈற்றில் 6, 8 குட்டி என்பது சாதாரணம். கதிர் முற்றியதும் அறுத்து வளைக்குள் சேர்த்துவிடும். வளை தோண்டும் இருளர்களைக் கேளுங்கள், அதில் எவ்வளவு நெல் கிடைக்கும் என்று சொல்வார்கள்.

ஆகவே பொதிக்கு முன்பே முந்திக்கொள்ள வேண்டும். சாயங்காலம் எல்லா வளையையும் மிதித்து மூடுங்கள். காலையில் புதுமண் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது! அங்கே தோண்டிப் பிடிக்கலாம், அல்லது தஞ்சாவூர்க் கிட்டி வைக்கலாம். ஆந்தை உட்காரக் கொம்பு நட்டு வையுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் அடுத்த வயலிலிருந்து வந்துவிடும். வாய்க்கால் கரை உள்பட அந்த மடை முழுவதும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

இன்னொன்று. எலி மூத்திரம் கலந்த சேற்றில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.