புலமைப்பரிசில் மண்டபத்துக்கு எந்த உடை?

(பெற்றோர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மொழியுரிமை பற்றியும் நிலவுரிமை பற்றியும் மேடைகளிலே பேசிப் பழகிய நாம், இன்று ஐந்தாந் தரப் பிள்ளையின் சட்டையையும் சப்பாத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சிறிய விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். சட்டை சிறியதுதான், அதை அணியும் பிள்ளையும் சிறியதுதான். ஆனால், அந்தச் சட்டையின் பேரால் ஒரு பிள்ளையின் மனம் ஒடியுமானால் அதனால் விளையும் கேடு சிறியதன்று.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை எதை உடுத்திச் செல்ல வேண்டும் என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாள்தோறும் பாடசாலைக்கு அணிந்து செல்லும் சீருடையே போதும். தோய்த்து உலர்த்திய சீருடை. உடம்போடு பழகிய சீருடை. குனிந்து எழுதக் கைக்கும் தோளுக்கும் இடங்கொடுக்கும் சீருடை. அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

பரீட்சை நாளை எண்ணிப் பாருங்கள். 2025ஆம் ஆண்டில் அது ஆகஸ்ட் 10ஆந் திகதி நடைபெற்றது. இலங்கை முழுவதிலும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதினர். காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கி, இடையில் அரைமணி ஓய்வு விட்டு, இரண்டு வினாத்தாள்கள். பத்து வயதுப் பிள்ளை முன்பின் அறியாத மண்டபத்தில், அறியாத மேற்பார்வையாளர் முன் தனியே அமர்ந்திருக்கிறது. அந்த வேளையில் கழுத்தை அறுக்கும் புதுக் கழுத்துப்பட்டியும், குதிகாலைக் கடிக்கும் புதுச் சப்பாத்தும் அதற்குத் துணையா? பகையா? கணக்கை எண்ண வேண்டிய பிள்ளை காற்புண்ணை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஆயினும், பரீட்சை நெருங்கும்போது புத்தாடைக்கும் புதுச் சப்பாத்துக்கும் கடன்படும் குடும்பங்கள் இருக்கின்றன. "மற்றப் பிள்ளைகள் நடுவில் நம் பிள்ளை குறைவாகத் தெரியக்கூடாது" என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அன்பினால் எழுந்த எண்ணம் அது. அதை நாம் இகழமாட்டோம். ஆனால், கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் புலமைப்பரிசில் பெறும் பிள்ளைக்கான மாத உதவிப்பணத்தை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்தியது. மாதம் 1,500 ரூபாவை நாடி எழுதும் பரீட்சைக்கு அதனிலும் பன்மடங்கு கடன்பட்டு உடுத்திப் போவது எவ்வகை வரவு செலவு?

இப்பரீட்சை ஏன் பிறந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. 1931 முதல் 1947 வரை கல்வியமைச்சராக இருந்த கன்னங்கரா அவர்களின் காலத்தில் மத்திய கல்லூரிகள் எழுந்தன; 1945இல் இலவசக் கல்வி வந்தது. திறமையுள்ள வறிய கிராமத்துப் பிள்ளை நல்ல பாடசாலையிற் சேர்ந்து பயில ஒரு வழி வேண்டுமென்றே புலமைப்பரிசில் ஏற்பட்டது. கன்னங்கரா அவர்களும் புலமைப்பரிசில் பெற்றே காலி றிச்மண்ட் கல்லூரியிற் பயின்றவர். ஆகவே, இது வறிய பிள்ளையைத் தேடிச் சென்ற பரீட்சை. அதன் வாயிலில் வறுமையே குற்றமாக நிறுத்தப்படுமானால், பரீட்சை தன் பிறப்பையே மறந்ததாகும்.

சீருடை எதற்காக? செல்வர் பிள்ளைக்கும் தொழிலாளி பிள்ளைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேற்றுமையை மறைப்பதற்காக. 1993ஆம் ஆண்டு முதல் அரசு இலவசச் சீருடைத் திட்டத்தை நடத்தி வருகிறது. துணியாகவும், சில ஆண்டுகளிற் பணச்சீட்டாகவும் கொடுத்திருக்கிறது. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு அண்மைக் காலத்திற் சப்பாத்துச் சீட்டும் வழங்கியது. இவ்வாறு அரசு மறைக்க முயலும் வேற்றுமையை நாமே புதுத்துணி வாங்கித் திரும்பவும் கொண்டுவரலாமா?

உடையைக் கொண்டு மனிதரை அளக்கும் நோய் நம் மண்ணுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மேலாடை மறுக்கப்பட்ட காலம் இருந்தது. அவர்தம் பிள்ளைகள் வகுப்பறையில் வாங்கில் இருக்க விடாது தரையில் இருத்தப்பட்டனர். அரசின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுக்க வேண்டுமென்று 1930ஆம் ஆண்டளவில் விதிக்கப்பட்டபோது, அதைப் பொறாதவர்கள் பாடசாலைக் கொட்டகைகளுக்கே தீ வைத்தனர். அந்நியர் செய்த கொடுமையன்று அது. தமிழன் தமிழனுக்குச் செய்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரை இவ்வாறு ஒதுக்குவதைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்துவிட்டது, பார்வை முழுதும் மாறிவிட்டதா? கிழிந்த காற்சட்டையோடு வரும் பிள்ளையை நாம் பார்க்கும் பார்வையிலே அதற்கு விடை இருக்கிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது? பரீட்சை நடத்துவோர் ஒரு பிள்ளையின் உடையிடம் கேட்கத்தக்கவை இரண்டே என்பது நமது கருத்து. ஒன்று, இன்ன பிள்ளை என்று அடையாளம் காணக்கூடியதாயிருத்தல். மற்றது, களவாக எழுதுவதற்கு உதவாதிருத்தல். இவ்விரண்டுக்கும் அப்பாற் செல்லும் கட்டளைக்கு நியாயம் காட்ட வேண்டியவர் கட்டளையிடுபவரே. சப்பாத்து இல்லாத பிள்ளைக்கு வினாத்தாள் இல்லை என்று கூறும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையிற் சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லார்க்கும் உறுதி செய்கிறது. இனம், மதம், மொழி, சாதி ஆகியவற்றின் பேரால் ஓரங்கட்டுவதை அதே உறுப்புரை விலக்குகிறது.

இந்த எல்லை மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை 2024ஆம் ஆண்டிற் கண்டோம். உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தபோது, திருகோணமலையில் எழுபது முஸ்லிம் மாணவியரின் பெறுபேறுகள் மாத்திரம் நிறுத்திவைக்கப்பட்டன. காதுகளை மூடித் தலைத்துணி அணிந்து எழுதினர் என்பதே சொல்லப்பட்ட காரணம். பின்னர் அவை வெளியிடப்பட்டன. காதிற் கருவி உண்டோ என்ற ஐயம் நியாயமானதாகவே இருக்கட்டும். பெண் அலுவலர் ஒருவர் மண்டப வாயிலில், மறைவான இடத்தில், ஒரு நிமிடத்திற் பார்த்துத் தீர்த்திருக்கலாம். தீர்க்காது விட்டதனால் எழுபது குடும்பங்கள் துயருற்றன. நம் சகோதர முஸ்லிம் பிள்ளைக்கு இன்று நேர்ந்தது நாளை எவர் பிள்ளைக்கும் நேரலாம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என்பது உண்மை. ஆனால், வழக்கறிந்தவர் என்ற முறையிற் சொல்கிறோம்: ஒன்பதரை மணிக்கு வாயிலில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைக்கு அந்தக் காலைப்பொழுதை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. ஆதலால், முன்னேற்பாடே முதற் பரிகாரம்.

பெற்றோரே, சீருடையைப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னரே தோய்த்து வையுங்கள். பிள்ளையின் சுட்டெண்ணை உடையின் இடப்பக்கத்தில் அணிவிக்க வேண்டும்; அதற்கான ஊக்கை முதல்நாள் இரவே எடுத்து வையுங்கள். வடக்கே ஆகஸ்ட் மாதம் வெயிலும் சோழகமுமாக இருக்கும். இறுக்கமான உடை ஆகாது. மலைநாட்டிலோ அது மழையும் குளிருமான காலம்; லயத்திலிருந்து நடந்து வரும் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டையும் நனையாத மாற்றுடையும் வேண்டும். தலைத்துணியோ சமயச் சின்னமோ அணியும் பிள்ளையாயின், அதிபரிடம் முன்கூட்டியே சொல்லி, மண்டபப் பொறுப்பாளருக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஊர்த் தொண்டர்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே, சப்பாத்தோ நல்ல சீருடையோ இல்லாத பிள்ளைகள் எவர் என்பதை ஆசிரியரிடம் அறிந்துகொள்ளுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல உடைகள் எத்தனையோ வீடுகளிற் பெட்டியிற் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து, தைத்துச் செம்மை செய்து, இருட்டிய பின் வீட்டிலே கொண்டுபோய்க் கொடுங்கள். மேடையிலே பெயர் கூப்பிட்டு, மாலையிட்டு, படம் பிடித்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் உடலை மூடுவதற்காக அதன் மானத்தைத் திறந்து காட்டுவது தருமமாகாது.

பரீட்சையில் வெல்வோரும் இருப்பர், வெல்லாதோரும் இருப்பர். வெல்லாத பிள்ளையும் நம் பிள்ளையே. ஆனால், ஒரு பிள்ளையேனும் உடைக்கு அஞ்சி மண்டபத்துக்குப் போகாது நின்றுவிட்டால், தோற்றது பிள்ளையன்று, இவ்வூர். அந்தத் தோல்வி இவ்வாண்டு இவ்வூருக்கு வேண்டாம் என்று கேட்டு அமைகிறோம்.