கூடு தேடிய காலை

சென்ற ஆனி மாதத்து விடியற்பொழுதில், பாடசாலை மாணவர் சிலருடன் சண்டிலிப்பாய் வயல்வெளிக்குச் சென்றேன். மாரியில் மட்டுமே நீரோடும் வழுக்கியாறு வறண்டு கிடந்தது. எங்களூரில் குஞ்சு பொரிக்கும் பறவைகளைக் கணக்கெடுப்பதே எம் நோக்கம்.

கண்ணிற்பட்ட பறவையெல்லாம் இக்கணக்கில் சேரா. கூட்டுக்கு நார் கொணர்தல், குஞ்சுக்கு இரை சுமத்தல் போன்ற சான்று வேண்டும். பனையோலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடின. ஓலையின் அடிப்புறத்தே பனை உழவாரன் இறகுகளை உமிழ்நீரால் ஒட்டிச் சிறு கூடமைத்திருந்தது. காகக் கூட்டருகே குயிலொன்று பதுங்கியிருந்தது; அதன் முட்டையை அடைகாப்பது காகமன்றோ!

வெறுந்தரையிலிருந்து ஆக்காட்டியொன்று அலறி எழுந்து எங்களை வட்டமிட்டது. மாணவனொருவன் ஓடித் தேடினான். மண்ணிறத்தில் கரும்புள்ளியிட்ட நான்கு முட்டைகள் அவன் காலடிக்கு ஒரு சாண் தொலைவிலே கிடந்தன!

“ஒன்றைச் சான்றாக எடுக்கட்டுமா, ஐயா?” என்றான்.

சிறுவயதில் நானும் அவ்வாறு ஒன்றை எடுத்தவன், அது பொரிக்கவேயில்லை. அதனை அவனுக்கு மறையாது சொன்னேன். “பறவையின் அலறலும் நீ கண்ட முட்டைகளுமே போதிய சான்று, எழுதிக்கொண்டு விலகி வா” என்றேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிழலற்ற தரையில் முட்டைகள் நெடுநேரம் கிடந்தால் கெட்டுவிடும். யாவரும் தொலைவிலுள்ள வரம்பில் அமர்ந்து மூச்சடக்கிப் பார்த்திருந்தோம். நெடுநேரம் தயங்கிய பறவை, மெல்ல நடந்துவந்து முட்டைகள்மேல் அமர்ந்தது. மாணவன் முகம் மலர்ந்தது.

கணக்கெடுக்கச் சென்றவர் அக்கணக்கைக் குறைத்துவிட்டுத் திரும்பலாகாது. அன்று நாங்கள் கற்ற பாடம் அதுவே.